வேணாம்னாலும் விடாத கப்பி ரோடு

அன்னிக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. கடைத்தெருவுல ஒரு சாமந்தி மாலை வாங்கணும். யூனியன் ஆபீசுக்குப் போகணும். சேர்மன் கழுத்துல போட்டு, "ரொம்ப சந்தோஷமுங்க"ன்னு சொல்லிட்டு வரணும். அவ்ளோதான்.

ஒரு ஆட்டுக்குட்டி கையில குடுத்து அனுப்பியிருந்தாக்கூட வேலை ஒழுங்கா முடிஞ்சிருக்கும். வழியில மாலைய தின்னிருக்கும், அது வேற விஷயம். ஆனா ஊரு ரெண்டு பட்டிருக்காது.

மாலை எதுக்குன்னு சொல்லணும் இல்ல? எங்க தெருவுக்கு ஜல்லிக் கல்லு கொட்டற கப்பி ரோடு சாங்ஷன் ஆயிடுச்சு!

எங்க ஆரணியில ரோடு எங்க போடறது, பள்ளிக்கூடம் எங்க வெக்கறது, சேவூர் பக்கம் புதுசா வீட்டு மனை யாருக்கு பிரிக்கறது, இதெல்லாம் பேசி முடிவு பண்ண சர்க்கார்ல ஒரு யூனியன் வெச்சிருக்கறாங்க. ஒரு சேர்மன், கூட சில மெம்பருங்க. எங்க நெசவுக்காரத் தெரு சார்பா மெம்பரு யாரு? அய்யாதான்!

ஏன் என்னை போட்டாங்கன்னு கேக்கறீங்களா? அதையும் சொல்லிடறேன். தறியில உக்காந்தா, வெத்தலை மென்னு துப்பறதுக்குள்ள ஒரு இழை அறுப்பேன். "இவன் தறியில இருக்கறத விட ஆபீசுல இருந்தா தெருவுக்கு லாபம்"னு பெரியவங்க கூடிப் பேசி முடிவு பண்ணாங்க. எனக்கு அது கௌரவமாத்தான் தெரிஞ்சுது.

இந்த வருஷம் ஒரே ஒரு தெருவுக்குத்தான் கல்லு கொட்டி ரோடு போட முடியும்னு சேர்மன் சொல்லிட்டாரு. அரிசி மண்டித் தெருவா, எங்க தெருவான்னு ஒரே இழுபறி. மண்டித் தெரு மெம்பரு அப்பாண்டை நயினாரு. பெரிய அரிசி மண்டிக்காரரு. களம்பூர்லருந்து வர நெல்லு வண்டியெல்லாம் அவரு வாசல்லதான் நிக்கும். நானும் அவரும் கூட்டத்துல கத்தற கத்துல ஆபீசு ஓட்டு மேல இருக்கற புறா எல்லாம் பறந்துடும்.

கடைசியில ஜெயிச்சது யாரு? நான்! எப்படி? ஒரு மகஜர் எழுதினேன் பாருங்க, அதுல! "எமது தெருவின் மண்ணானது, ஒரு பெண்பிள்ளை மரக் கொட்டாப்புளியால் ஒரு தட்டுத் தட்டினாலும் முளை முழுவதும் இறங்கிவிடும் அளவுக்கு இளகிக் கிடக்கிறது. மழைக்காலத்தில் மாடு இறங்கினால் மாட்டைத் தேட வேண்டியுள்ளது." சேர்மன் அதைப் படிச்சிட்டு கண்ணு கலங்கிட்டாராம். தெருவுல அத்தினி பேரும் அதுல கையெழுத்து, கைநாட்டு வெச்சாங்க.

நல்லா கேட்டுக்கோங்க. அத்தினி பேரும்.

சரி, மாலை வாங்கிகினு திரும்பி எங்க தெரு வழியா வரேன். காலை வெயிலு. வேட்டி வெளுப்பு. தோள் மேல ஷோக்கா அங்கவஸ்திரம். கையில மாலை. தெருவுல பாவு நீட்டிகினு இருக்கறாங்க.

வெளியூருக்காரங்களுக்கு சொல்றேன். பட்டுச் சேலைக்கு நீட்டு வாட்டுல ஓடற இழைங்க மொத்தமும் சேர்ந்ததுதான் பாவு. தறியில ஏத்தறதுக்கு முன்னாடி அதை தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டணும். தெரு முனையில வேப்பமரத்தாண்ட ஒரு முளை அடிச்சு ஒரு நுனிய கட்டுவோம். அந்தக் கோடியில காலி மனை ஒண்ணு கெடக்குது, அதுல ஒரு முளை அடிச்சு மறு நுனிய கட்டுவோம். நடுவுல தாங்கலுக்கு குச்சிங்க. அப்பால கஞ்சித் தண்ணி தெளிச்சு, அறுந்த இழைய முடிஞ்சு, காய விடுவோம். காயற வரைக்கும் தெருவுல வண்டி, மாடு, ஒண்ணும் வரக்கூடாது. சாவு எடுத்தாக்கூட பின் சந்து வழியாத்தான் எடுப்பாங்க. தாசில்தாரே வந்தாலும் அதே சட்டம்தான்.

எங்க வீட்டம்மா தனபாக்கியம் வேப்பமரத்தாண்ட உக்காந்து, கொட்டாப்புளியால முளைய அடிச்சிகினு இருந்தா. நான் பெருமையா போய் நின்னேன்.

"இன்னாய்யா, மாப்பிள்ளை மாதிரி கெளம்பிட்ட?"ன்னா.

"சேர்மனுக்கு மாலை. நம்ம ரோட்டுக்கு! நாளைக்கு காலையிலயே முதல் கல்லு போடறாரு. முனையிலருந்து கோடி வரைக்கும் கருங்கல்லு ஜல்லி. மேல உருளை ஓட்டி இறுக்கிடுவாங்க. கடப்பாரைய போட்டாக்கூட நெளியும்!"

தனம் கொட்டாப்புளிய தூக்கினவ அப்படியே நிறுத்திட்டா.

"கடப்பாரையே நெளியுமா?"

"ஆமா!"

"அப்ப இந்த முளைய எங்கய்யா அடிக்கறது?"

நான் முளையப் பார்த்தேன். மண்ணப் பார்த்தேன். தெரு நீளத்துக்கு நட்டிருந்த குச்சிங்களப் பார்த்தேன். அது ஒவ்வொண்ணும் என்னைப் பார்க்கற மாதிரி இருந்துச்சு.

அடப்பாவி! வருஷக்கணக்கா ரோடு ரோடுன்னு தொண்டை கிழிய கத்தினனே! மகஜர்ல முளை இறங்கற அழகை வேற வர்ணிச்சனே! பாவு நீட்டற குடும்பத்துல பொறந்து, பாவு நடுவுலயே நடந்து வளர்ந்தவனுக்கு, கல்லுல முளை இறங்காதுன்னு ஒரு வாட்டி தோணிச்சா? தோணலையே!

பக்கத்துல வடிவேலு அண்ணன் இருந்தாரு. மறுநா நீட்டறதுக்கு அவரு பாவுதான் முறை. கல்யாணப் பட்டு, நாளைக்கு விட்டா சொன்ன தேதிக்கு சேலை முடியாது. அவரு மெதுவா எழுந்து வந்தாரு.

"தம்பி, நாங்கதான் சேத்துல கால வெச்ச கோவத்துல கைநாட்டு வெச்சோம். நீ ஆபீசுக்கெல்லாம் போயிகினு வரவன். நீயாவது யோசிச்சிருக்க கூடாதா?"

பாவு நீட்ட தெரு இல்லன்னா தறி இல்ல. தறி இல்லன்னா அத்தினி குடும்பமும் என்ன பண்ணும்?

தனம்தான் வழி சொன்னா. "மாலை கையில இருக்குது இல்ல? போய் போடு. போட்டுட்டு ரோடு வேணாம்னு சொல்லிட்டு வா. ஜல்தி!"

சரின்னு ஓடினேன்.

இங்க எங்க சேர்மனப் பத்தி ஒரு வார்த்தை. தங்கமான மனுஷன். ஆனா அவரு வீட்டு விருந்துல உக்காந்தா எழுந்திரிக்க முடியாது. "போதுங்க"ன்னா இன்னும் ரெண்டு லட்டு. "வேணாங்க"ன்னா நாலு. ரெண்டு கையையும் விரிச்சு இலைய மூடிகினாத்தான் நிறுத்துவாரு. மூடினாக்கூட சில சமயம் கை மேலயே பாயசம் ஊத்திடுவாரு. நல்ல மனுஷன் வேணாம்னா அது கூச்சத்துல சொல்றதுன்னு அவருக்கு ஒரு எண்ணம்.

ஆபீசுல நுழைஞ்சேன். மாலைய முதுகுக்குப் பின்னால மறைச்சிகினேன். முதல்ல விஷயத்த பேசிடலாம், மாலைய அப்பால பார்த்துக்கலாம்னு திட்டம். ஆனா சேர்மன் பார்த்துட்டாரு. பார்த்த உடனே கூச்சமா சிரிச்சிகினே தலைய குனிஞ்சிட்டாரு.

குனிஞ்ச தலைக்கு மாலை போடாம எப்படிங்க நிக்கறது? போட்டேன்.

அவரு உடனே அதைக் கழட்டி என் கழுத்துல போட்டாரு. "இந்த மாலை உங்களுக்குத்தான் தகும் மெம்பர்! உங்க மகஜர்தான் ரோட்டக் கொண்டாந்துச்சு!"

பக்கத்துல ஓவர்சியர் ஞானமுத்து வேற கை தட்டறாரு. ரோடு வேலைக்கெல்லாம் அவருதான் அளவு எடுக்கறவரு.

நான் ஆரம்பிச்சேன். "அய்யா, அந்த ரோடு... எங்க தெருவுக்கு வேணாங்க."

சேர்மன் ஓவர்சியர் பக்கம் திரும்பினாரு. "பார்த்தீரா ஞானமுத்து! எவ்ளோ அடக்கம்! ஜெயிச்சவன் வேணாங்கறான்! இந்த மாதிரி தெருவுக்கு ஒத்தையடிப் பாதை மாதிரியா ரோடு போடறது? அகலம் பண்ணுங்க! ரெண்டு பக்கமும் வீட்டு முன்சுவர கை நீளத்துக்கு இடிச்சு உள்ள தள்ளிட்டா தாராளமா இருக்கும்."

"அய்யோ, அகலம் வேணாங்க!"

"சாக்கடையும் கட்டுங்க!"

"போதுங்க! நிஜமா போதுங்க!"

"நடுத்தெருவுல ஒரு லாந்தர் கம்பம்! ராத்திரியில ஜெகஜ்ஜோதியா இருக்கட்டும்!"

நடுத்தெருவுல! பாவு ஓடற எடத்துல! நான் வாயைப் பொத்திகினேன். இன்னொரு வாட்டி வேணாம்னு சொன்னா ரயிலே விட்டுடுவாருன்னு பயம்.

"முளை"ன்னு ஒரு வார்த்தை எப்படியோ வெளிய வந்துச்சு. "அய்யா, முளை..."

"ஆமாம் ஆமாம்! ஒரு தட்டுத் தட்டினா முளை இறங்கிடும்னு எழுதினீங்களே! அந்த எடத்துலதான் எனக்கு தொண்டைய அடைச்சிடுச்சு." மறுபடியும் கண்ணத் துடைச்சாரு. "கவலைப்படாதீங்க. இனிமே எந்த முளையும் இறங்காது. நாளைக்கு காலையில நல்ல நேரத்துல நானே வந்து முதல் கல்லு போடறேன். மேல எழுதி அனுப்பியாச்சு."

வெளிய வந்தேன். போகும்போது ரோடு மட்டும்தான் இருந்துச்சு. வரும்போது ரோடு, அகலம், சாக்கடை, லாந்தர் கம்பம். அத்தோட எங்க வீட்டு முன்சுவரும் போச்சு. தனத்துகிட்ட இதை எந்த வாயால சொல்றது?

யோசிச்சிகினே நடந்தேன். ஒரே வழிதான் தோணிச்சு. நயினாருகிட்ட போறது. அவரு தெருவுக்கு ரோட்டத் தள்ளி விட்டுட்டா கதை முடிஞ்சுது. அவருதான் ரோட்டுக்காக உசுர விடறவராச்சே!

மண்டிக்குள்ள நுழைஞ்சேன். நயினாரு மெத்தையில சாஞ்சுகினு இருந்தாரு. என்னைப் பார்த்ததும் முகம் சிவந்து போச்சு.

"ஜெயிச்சது சரி. அதுக்கு மாலையும் கழுத்துமா என் கடைக்கே வந்து காட்டணுமா?"

கழுத்துல மாலை இருக்கறதே எனக்கு மறந்து போச்சு! கடைத்தெரு முழுக்க அப்படியேதான் வந்திருக்கறேன். ஜனங்க சிரிச்சது இதுக்குத்தான் போல. அவசரமா கழட்டினேன். சாமந்தி இதழ் எல்லாம் அவரு அரிசி மேல கொட்டிச்சு.

"நயினாரே, கோவப்படாதீங்க. அந்த ரோட்ட நீங்களே எடுத்துக்கோங்க."

அவரு அரிசியிலருந்து இதழ பொறுக்கறத நிறுத்தினாரு.

"இன்னா சொன்ன?"

"ரோடு. உங்க தெருவுக்கே போட்டுக்கோங்க. எங்களுக்கு வேணாம்."

சந்தோஷத்துல என்னைக் கட்டிப் புடிப்பாருன்னு பார்த்தா, மனுஷன் பின்னால நகர்ந்து உக்காந்தாரு.

"எனக்கும் வேணாம்!"

"ஏங்க?"

"எத்தினி வருஷமா என் கூட மல்லுக்கு நின்ன நீ! இன்னிக்கு தட்டுல வெச்சு நீட்டறன்னா உள்ள என்னமோ கீது. ரோடு போட்ட தெருவுக்கு புதுசா வரி போடப் போறானா? இல்ல, ரோடு போட்டுட்டு என் மண்டிய இடிக்கப் போறானா? சொல்லு!"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க!"

"ஒண்ணும் இல்லாமயா குடுக்கற? மழைக்காலத்துல இந்த வாசல்ல ஒரு பூசணிக்காய் உருண்டா நீ உன் தெருவுக்கு உருட்டிகினு போறவன்!"

அது வாஸ்தவம்தான். நான் மறுக்கல.

வேற வழி இல்ல. உண்மைய சொல்லணும். சொன்னா ஆரணி முழுக்க சிரிக்கும். சொல்லலன்னா எங்க தெரு அழும். கண்ண மூடிகினு சொல்லிட்டேன். "கல்லு ரோட்டுல பாவு முளை அடிக்க முடியாதுங்க. அதை நாங்க யாரும் யோசிக்கல. நானும் யோசிக்கல."

கண்ணத் திறந்து பார்த்தேன். நயினாரு மெத்தையில குப்புறப் படுத்துகினு குலுங்கறாரு. அழுவறாரோன்னு பயந்துட்டேன். இல்ல, சிரிக்கறாரு! மூட்டை தூக்கற ஆளுங்க ஓடி வந்து தண்ணி குடுத்தாங்க. குடிச்ச தண்ணி மூக்கு வழியா வந்துச்சு. "நெசவுக்காரங்க... முளை... மகஜர்..."ன்னு ஒவ்வொரு வார்த்தையா சொல்லிச் சொல்லி சிரிச்சாரு.

நல்லா சிரிக்கட்டும்னு நின்னுகினு இருந்தேன். வேற என்ன பண்றது?

சிரிச்சு முடிச்சு கண்ணத் துடைச்சிகினு எழுந்து உக்காந்தாரு. குரல் மாறிப் போச்சு. "சரிய்யா. என் சம்சாரம் கட்டிகினு இருக்கறது உங்க தெருப் பட்டுதான். தறி நின்னா எனக்கும் சந்தோஷம் இல்ல. ஆனா ஒண்ணு. சேர்மனுக்கு சொன்னா ஏறாது. நீ வேணாம்னா பத்து மடங்கா குடுப்பாரு. கண்ணால பார்க்கணும். நாளைக்கு கல்லு போட வரும்போது வழக்கம் போல பாவு நீட்டி வை. அவரு குதிரை ஜட்கா உள்ள நுழைய முடியாது. அப்ப அவருக்கே புரியும். நானும் கூட வரேன்."

அந்த மனுஷன் கையப் புடிச்சிகினேன். நெஜமாவே கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அவரு என் முகத்தப் பார்த்தாரு. மறுபடியும் "முளை"ன்னாரு. மறுபடியும் குப்புறப் படுத்துகினாரு.

வீட்டுக்கு வந்து தனத்துகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். முன்சுவர் விஷயத்த மட்டும் வேகமா சொல்லி முடிச்சிட்டேன். அவ காதுல அது மட்டும்தான் விழுந்துச்சு. அன்னிக்கு ராத்திரி சோத்துல உப்பு இல்ல. கேக்கவும் தைரியம் இல்ல.

மறுநா விடிஞ்சுது. வடிவேலு அண்ணன் பாவு வெளிய வந்துச்சு. அரக்குக் கலர் கல்யாணப் பட்டு, வெயில்ல மினுமினுன்னு இருந்துச்சு. கோடியில காலி மனையில அவரே முளை அடிச்சாரு. முனையில வேப்பமரத்தாண்ட யாரு அடிக்கறது? நான்தான் பொறுப்பா முன்னால போனேன். "நான் பண்ண வினை, நானே அடிக்கறேன்"னேன்.

அடிச்சேன். தனம் வந்து ஆட்டிப் பார்த்துட்டு, "மகஜர் எழுதற கையால அடிச்சா இப்படித்தான் இருக்கும்"னா. அப்பால அந்த பழைய சாமந்தி மாலைய எடுத்துகினு வந்து முளைக்கு சாத்திட்டா.

"இது எதுக்கு தனம்?"

"சாவறதுக்கு மாலை போடணும் இல்ல? இதுக்கு இன்னிக்குத்தான கடைசி நாளு!"

தெருப் பொம்பளைங்க எல்லாம் என்னைப் பார்த்தாங்க. நான் வேப்பமரத்தப் பார்த்தேன்.

பாவு விறைப்பா நின்னுச்சு. கஞ்சித் தண்ணி தெளிச்சாச்சு. ஆளுக்கு ஒரு எடமா தெரு நீளத்துக்கு நின்னு இழை முடிஞ்சிகினு இருந்தாங்க. அந்த நேரத்துக்குத்தான் டக் டக்னு ஜட்கா வந்துச்சு. சேர்மன், நயினாரு, ஓவர்சியர் மூணு பேரும் உள்ள. சேர்மன் புதுக் கோட்டு, ஜரிகைத் தலைப்பாகை. முதல் கல்ல மடியில வெச்சுகினு இருந்தாரு.

ஜட்கா வேப்பமரத்தாண்ட நின்னுச்சு.

"என்ன மெம்பர், தெருவுல வழி இல்லையே?"ன்னாரு சேர்மன்.

நயினாரு எனக்கு கண்ணு காட்டினாரு. பேசுன்னு அர்த்தம். நான் தொண்டைய கனைச்சேன். ராத்திரி முழுக்க மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தேன். "மாட்சிமை தங்கிய சேர்மன் அவர்களே"ன்னு ஆரம்பிச்சேன்.

அவ்ளோதான். ஜட்கா குதிரை கழுத்த நீட்டி மாலைய ஒரு இழு இழுத்துச்சு.

சாமந்தி மட்டும் வரல. முளையோட வந்துச்சு!

"அய்யோ பாவு!"ன்னு தனம் போட்ட சத்தம் களம்பூருக்குக் கேட்டிருக்கும். குதிரை மெரண்டு முளைய மிதிச்சது, முளை ரெண்டா போச்சு. பாவு தொய்யுது. கீழ பட்டா மண்ணும் கஞ்சியும் சேர்ந்து ஒட்டிகிச்சுன்னா அவ்ளோதான், வடிவேலு அண்ணன் தொலைஞ்சாரு. நான் பாய்ஞ்சு கயித்தப் புடிச்சேன். தெரு நீளத்துப் பாவு சும்மாவா? கயிறு என்னை தெருவுக்குள்ள இஸ்துகினு போவுது!

"யாருனா புடிங்கய்யா!"ன்னு கத்தினேன். யாரு வரது? அவனவன் கையில இழையும் குச்சியும்.

"பார்த்துகினு உக்காந்திருந்தா? எறங்கிப் புடிங்கய்யா!" தனம்தான் கத்தினா. யாரைப் பார்த்துன்னு அவளுக்கே தெரியல.

சேர்மன் கல்ல கீழ போட்டுட்டு குதிச்சாரு! என் இடுப்பக் கட்டிப் புடிச்சு இழுத்தாரு. அவரு இடுப்ப நயினாரு புடிச்சாரு. நயினாரு இடுப்ப ஓவர்சியர் புடிச்சாரு. ஊருத் தேருக்கு வடம் புடிக்கற மாதிரி யூனியன் மொத்தமும் எங்க தெரு மண்ணுல கால ஊணிகினு நின்னுச்சு. பாவு மெதுவா தூக்கிச்சு. தரையத் தொடல.

"இனிமே விடலாமா?"ன்னு சேர்மன் மூச்சு வாங்கினாரு.

"விட்டா போச்சுங்க!"

குதிரை நிம்மதியா சாமந்தி தின்னுகினு இருந்துச்சு.

தனம் ஓடிப் போய் புது முளையும் கொட்டாப்புளியும் எடுத்துகினு வந்தா. என் காலாண்ட உக்காந்து ஒரு தட்டுத் தட்டினா. முளை சரக்குன்னு பாதி இறங்கிச்சு. அப்பதான் தலைய தூக்கி சேர்மனப் பார்த்தா.

"அய்யா, படிச்சவங்க நீங்க, ஒண்ணு கேக்கறேன். இன்னிக்கு மண்ணு இருக்குது, முளைய அடிக்கறேன். நாளைக்கு கல்லக் கொட்டி இறுக்கிட்டீங்கன்னா, இதை நான் எங்க அடிக்கறது?"

சொல்லிட்டு என்னைத்தான் பார்த்தா. என் தலையிலயே அடிச்சிருப்பா போல.

சேர்மன் முளையப் பார்த்தாரு. மண்ணப் பார்த்தாரு. தெரு நீளத்துக்குப் பார்த்தாரு. நேத்து நான் பார்த்த அதே வரிசை. அவரு முகத்துல அப்படியே வெளிச்சம் வந்துச்சு.

"அடடா! கப்பி போட்டா முளை இறங்காதே! முளை இறங்கலன்னா பாவு இல்லையே! ஏன்யா மெம்பர், நேத்தே சொல்லியிருக்க கூடாதா?"

"சொன்னனுங்க. வேணாம்னு சொன்னனுங்க."

"வேணாம்னா? வேணாம்னு சொன்னா யாராவது வேணாம்னு எடுத்துப்பாங்களா?"

தலையில அடிச்சிக்கலாம்னு பார்த்தேன். கயிறு வேற கையில.

தனம் முளைய முழுசா இறக்கி கயித்தக் கட்டினா. பாவு விறைப்பா நின்னுச்சு. வடிவேலு அண்ணன் அங்கருந்தே ரெண்டு கையையும் தூக்கி சாமிய கும்புட்டாரு. நாங்க நாலு பேரும் ஒருத்தர ஒருத்தர் விட்டுட்டு வேப்பமரத்தடியில உக்காந்தோம். சேர்மன் கோட்டு முழுக்க கஞ்சித் தண்ணி. நல்ல மனுஷன்னு சும்மாவா சொன்னேன், ஒரு வார்த்தை கோவம் இல்ல. "பாவு பொழைச்சுதே, அது போதும்"னு சிரிச்சாரு.

அப்பால கல்ல எடுத்து நயினாரு பக்கம் நீட்டினாரு. "சரி நயினாரே, ரோடு உங்க தெருவுக்கே போகட்டும்."

நயினாரு முகத்த பாவமா வெச்சுகினு, "எங்களுக்கு எதுக்குங்க, வேணாங்க"ன்னாரு.

"பார்த்தீரா அடக்கத்த! சுவர இடிக்காமலே அந்த அகலமும் உங்களுக்கே!"

"அய்யய்யோ, வேணாங்க."

"சாக்கடையும்!"

"போதுங்க."

"லாந்தர் கம்பமும் எடுத்துக்கோங்க!"

நயினாரு என்னைப் பார்த்து லேசா கண்ணடிச்சாரு. ஒரே நாள்ல கத்துகினாரு! நான் இத்தினி வருஷம் மெம்பரா இருந்து என்ன பிரயோஜனம்?

சேர்மன் ஜட்காவுல ஏறிட்டாரு. ஏறினவரு திரும்பி என்னைப் பார்த்தாரு. "உங்க தெருவ வெறுங்கையோட விட எனக்கு மனசு வரலையே மெம்பர். பசங்க பள்ளிக்கூடத்துக்கு ஊரு தாண்டித்தான போவுது? உங்க தெருவுக்கே ஒரு பள்ளிக்கூடம் கட்டித் தரேன்!"

தெருவே ஆன்னு கத்திச்சு! பொம்பளைங்க குலவை போட்டாங்க. வடிவேலு அண்ணன் என்னைக் கட்டிப் புடிச்சிகினாரு. தனம் கூட சிரிச்சா. கல்யாணத்துக்கு அப்பால அவ என்னைப் பார்த்து அப்படி சிரிச்சது அன்னிக்குத்தான். பள்ளிக்கூடம்! நான் மகஜர் எழுதாமலே வந்த பள்ளிக்கூடம்! நெஞ்சு நிமுந்து போச்சு எனக்கு.

"எங்கங்க கட்டுவீங்க?"ன்னு சும்மா ஒரு மரியாதைக்குக் கேட்டேன்.

"அதான் தெருக்கோடியில காலி மனை கெடக்குதே! இன்னிக்கே அளந்துடச் சொல்றேன்"ன்னு சொல்லிட்டு ஜட்காவ விடச் சொன்னாரு.

தனம் சிரிப்ப நிறுத்திட்டு தெருக்கோடியப் பார்த்தா. வடிவேலு அண்ணன் என்னை விட்டுட்டு தெருக்கோடியப் பார்த்தாரு. பாவோட அந்தக் கோடி முளை, காலி மனை நடுவுல, கம்முனு நின்னுகினு இருந்துச்சு.

இந்த வாட்டி மாலை வாங்கல. நேரா ஜட்காவுக்குப் பின்னாடி ஓடினேன். ஓடற பதட்டத்துல வாய்க்கு வந்தத கத்திட்டேன். "அய்யா, வேணாங்க! வேணாங்க!"

சேர்மன் ஜட்காவுலருந்து தலைய நீட்டி, சந்தோஷமா கைய ஆட்டினாரு.

"சரி சரி, மாடி வெச்சே கட்டிடலாம்!"